இந்தியாவிலிருந்து சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் மகள் மூன்றரை வயதில் மகாராஷ்டிராவில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தாள். பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்த குழந்தை. உதட்டை அங்கேயே தைத்துவிட்டார்கள், அண்ணம் அப்படியே இருந்தது, காதுக்குள் நீர் கோத்து பாதிதான் கேட்டது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் வந்த நாளிலிருந்து, தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் கூப்பிட்டுக் கேட்டபடி இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தக் குறைபாட்டை உங்களால் கடைசி வரை பார்த்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று ஒரு தாளில் எழுதிவிட்டீர்களா? குழந்தையின் போட்டோ வருவதற்கு முன்னால் எழுத வேண்டும், முகத்தைப் பார்த்துவிட்டால் யாராலும் நேர்மையாக எழுத முடியாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்தத் தாளைச் சுற்றித்தான் வரும்.

முதலில், உங்களுக்கு வழி திறந்திருக்கிறதா?

அமெரிக்கப் பக்கத்தில் கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது, எச்-1பி போதவே போதாது. இந்தியா 2003-லும் அமெரிக்கா 2008-லும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டன, அதனால் இந்தியக் குழந்தையை அழைத்துவர ஐ-800ஏ, ஐ-800 என்ற படிவங்கள்தான் வழி, அவற்றைக் குடிமக்கள் மட்டுமே போட முடியும். விசாவில் இருக்கும்போதே ஊருக்குப் போய்ப் பத்திரம் எழுதித் தத்தெடுத்துவிட்டு, குழந்தையை அழைத்துவர முடியாமல் ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயுமாகத் தவித்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். குடிமகனாக இல்லாதவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள்.

இந்தியப் பக்கத்தில் எல்லாம் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம், அதாவது காரா, வழியாகத்தான். 2022-ல் வந்த விதிமுறைகள்படி தம்பதிக்குத் திருமணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இருவர் வயதையும் கூட்டினால், இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு 85, நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100, அதற்கு மேல் 110 தாண்டக் கூடாது. குழந்தைக்கும் பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வருட இடைவெளி வேண்டும். தனியாக வாழும் ஆணால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. ஏற்கனவே இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் இருப்பவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும், வீடு கிடைக்கச் சிரமப்படும் குழந்தைகளும் மட்டும்தான் (உறவினர் குழந்தை என்றால் விதி வேறு). அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மைப் போன்றவர்கள், உள்நாட்டுப் பெற்றோரும் என்ஆர்ஐகளும் பார்த்த பிறகே வரிசையில் வருகிறோம். ஆக வெளிநாட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் குழந்தைகள் பெரும்பாலும் உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள், கொஞ்சம் பெரியவர்கள், அல்லது ஒன்றாகவே போக வேண்டிய உடன்பிறப்புகள். கைக்குழந்தை வேண்டும், ஆரோக்கியமாக வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் நிற்காதீர்கள்.

அந்தத் தாள்

தத்தெடுப்பு ஏஜென்சி உங்களிடம் ஒரு பட்டியல் தரும். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, இதயத்தில் ஓட்டை, வளைந்த பாதம், காது கேளாமை, பார்வைக் குறைவு, வலிப்பு, பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், தலசீமியா, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, விரல்களோ கையோ இல்லாமல் பிறந்தது, முதுகெலும்புப் பிளவு, வளர்ச்சித் தாமதம் என்று ஓடும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, வேண்டாம், பேசலாம் என்று குறிக்க வேண்டும். நானும் என் கணவரும் முதல் தடவை அதை எடுத்தபோது ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதும் ஒரு குழந்தையைக் கதவுக்கு வெளியே தள்ளுவது போல இருந்தது, அதனால் பாதிக்கு மேல் 'சரி' போட்டுவிட்டோம். எங்கள் சமூகப் பணியாளர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார். இதில் எந்த நோய்க்காவது ஒரு டாக்டரிடம் பேசினீர்களா என்று கேட்டார். பேசவில்லை.

அடுத்த இரண்டு மாதம் அதைத்தான் செய்தோம். நீங்களும் இப்படிச் செய்யுங்கள்: ஒவ்வொரு குறைபாட்டுக்கும் நான்கு கேள்வி. முதல் வருடம் எப்படி இருக்கும், பத்தாம் வயதில் எப்படி இருக்கும், முப்பதாம் வயதில் இந்தக் குழந்தை தனியாக வாழுமா, நாங்கள் போன பிறகு யார்? நான்காவது கேள்விதான் கஷ்டம், ஆனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு பதில் உண்டு, 'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்பது. அந்த அண்ணனுக்கு இப்போது எட்டு வயது. அவனைக் கேட்காமல் அவன் பெயரில் எழுதாதீர்கள்.

அண்ணப் பிளவையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு ஆபரேஷன், முடிந்தது என்று நினைத்திருந்தேன். இங்கே பிறக்கும் குழந்தைக்கு உதட்டைச் சில மாதங்களிலும், அண்ணத்தை ஒன்று ஒன்றரை வயதுக்குள்ளும் சரி செய்துவிடுகிறார்கள். மூன்றரை வயது வரை திறந்த அண்ணத்தோடு பேசப் பழகிய குழந்தை தொண்டையிலிருந்து தப்பான ஒலிகளைப் பழகியிருக்கும், தைத்த பிறகும் அது தானாகப் போகாது, வருடக்கணக்கில் ஸ்பீச் தெரபி வேண்டும். காதில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம், அதற்குக் காதுக்குள் குட்டிக் குழாய் வைக்க வேண்டும். ஏழு வயதிலிருந்து பதினொன்றுக்குள் ஈறில் எலும்பு ஒட்டும் ஆபரேஷன், அப்புறம் பல் வரிசைக்குக் கம்பி, பதின்வயது முடியும்போது தேவைப்பட்டால் தாடை. சில குழந்தைகளுக்கு அண்ணப் பிளவோடு இதயக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு மரபணுக் குறைபாடு இருக்கும், 22-வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் போவது. எளிதான குறைபாடு என்று எல்லோரும் சொல்வதே இவ்வளவு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த வரிக்கு எதிரே 'சரி' போட்டோம், மறுபடி போடச் சொன்னாலும் போடுவோம்.

பெருமூளை வாதத்துக்கு 'வேண்டாம்' போட்டோம். எங்கள் வீடு மாடிப்படி வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், எனக்கு முதுகு சரியில்லை. அதை எழுதிய இரவு அழுதேன். ஆனால் எடுத்துக்கொண்டு வந்து, முடியவில்லை என்று இன்னொரு வீட்டுக்குக் கை மாற்றப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது இழப்பு, சில சமயம் மூன்றாவது. அதற்கு முன்னால் என் அழுகை பெரிதில்லை. முடியாததை முடியாது என்று எழுதுவது பாவமில்லை என்று நம் அம்மாக்களிடமும் மாமியார்களிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'புண்ணியம் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் அதையும் அங்கேயே நிறுத்துங்கள். குழந்தை யாருடைய புண்ணியக் கணக்கையும் நிரப்ப வரவில்லை.

இந்தத் தாள் சட்டப்படியும் முக்கியம். ஹோம் ஸ்டடி, அதாவது சமூகப் பணியாளர் உங்கள் வீட்டையும் உங்களையும் பார்த்து எழுதும் அறிக்கையில், எந்தெந்தக் குறைபாடுகளுக்கு நீங்கள் ஒப்புதல் பெற்றிருக்கிறீர்கள் என்று எழுதப்படும். பிறகு வரும் குழந்தை அதற்கு வெளியே இருந்தால் ஹோம் ஸ்டடியைத் திருத்தி, அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருக்க வேண்டும்.

ஏஜென்சி, ஹோம் ஸ்டடி

ஏஜென்சிக்கு இரண்டு அங்கீகாரம் வேண்டும்: அமெரிக்காவில் ஹேக் அங்கீகாரம், இந்தியாவில் காராவின் அனுமதி. இரண்டையும் அரசுப் பட்டியல்களில் நீங்களே பாருங்கள், அவர்கள் சொல்வதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தத்தெடுப்பு முறிந்துபோன குடும்பங்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் ஏஜென்சியை விட்டு நகர்ந்துவிடுங்கள். விதிமுறைக்கு மேல் 'நன்கொடை' என்று யார் எங்கே கேட்டாலும் கொடுக்கக் கூடாது, எழுத்தில் கேட்டு வாங்கி காராவுக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஹோம் ஸ்டடியில் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், வருமானம், உடல்நலம், போலீஸ் சான்று, உங்கள் சிறுவயது, நீங்கள் அடி வாங்கி வளர்ந்தீர்களா என்பது வரை கேட்பார். அலமாரியை ஒழுங்குபடுத்துவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள், பின்னால் தெரிய வந்தால்தான் பிரச்சினை. பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி சட்டப்படி கட்டாயம். பத்து போதாது, முடிந்தவரை கூடுதலாக எடுங்கள்.

கோப்பு வரும் நாள்

குழந்தையைப் பற்றி இரண்டு காகிதம் வரும், ஒன்று குழந்தை ஆய்வறிக்கை, இன்னொன்று மருத்துவப் பரிசோதனை அறிக்கை. கூடவே போட்டோ, சில சமயம் வீடியோ. குழந்தையை முன்பதிவு செய்த பிறகு, 30 நாட்களுக்குள் அந்த இரண்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த 30 நாள் வேகமாக ஓடிவிடும், அதனால் கோப்பைப் படித்துச் சொல்லும் மருத்துவரை முன்பே பிடித்து வையுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே தத்தெடுப்பு மருத்துவ கிளினிக்குகள் இருக்கின்றன, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே தொடங்கியது அவற்றில் மூத்தது. நேரில் போக வேண்டாம், கோப்பை அனுப்பினால் படித்துவிட்டு போனில் பேசுவார்கள்.

அறிக்கையில் எடையையும் உயரத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் தலைச் சுற்றளவைத் தேடுங்கள். ஒரே ஒரு அளவு பயன்படாது, தேதியோடு மூன்று நான்கு அளவு கேளுங்கள். தலை வளரும் வேகம்தான் மூளை வளர்ச்சிக்குக் கையில் கிடைக்கும் துப்பு. இல்லத்தில் வளரும் குழந்தைகள் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உயர வளர்ச்சியில் பின்தங்குவது வழக்கம், வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே குட்டையாக இருக்கிறாள் என்று பயப்பட வேண்டாம். பிறந்த எடை, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, வலிப்பு வந்ததா, இப்போது என்ன மருந்து (மருந்துப் பாட்டிலையே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்), காதுப் பரிசோதனை நடந்ததா, இதயத்துக்கு எக்கோ எடுத்தார்களா என்று கேளுங்கள்.

வீடியோ கேட்பதானால் 'நன்றாக விளையாடுகிற வீடியோ' என்று கேட்காதீர்கள், பாட்டுக்குக் கை ஆட்டுவது வரும், அதில் ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்புகிறதா, ஒரு பொரியை இரண்டு விரலால் எடுக்கிறதா, படி ஏறுகிறதா, பார்த்துக்கொள்ளும் மாவ்ஷியிடம் (மகாராஷ்டிரா இல்லங்களில் ஆயாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறதா என்று கேளுங்கள். கடைசியில் சொன்னது எனக்கு மிக முக்கியம். ஒருவரிடமாவது பாசம் வைத்த குழந்தைக்கு இன்னொருவரிடமும் பாசம் வைக்கத் தெரியும்.

அறிக்கையில் 'வளர்ச்சித் தாமதம்' என்று மட்டும் இருந்தால் இரண்டு விதமாகவும் இருக்கலாம், இல்லத்தில் யாரும் பேசாமல் தூக்காமல் இருந்ததால் வந்ததாகவும் இருக்கலாம், மூளையிலேயே இருப்பதாகவும் இருக்கலாம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். இல்லத்திலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் தேறினார்கள், சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் எந்தக் குழந்தை எவ்வளவு தேறும் என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. டாக்டரிடம் 'மோசமான நிலை என்றால் எப்படி இருக்கும்' என்று கேட்டு, அந்தப் பதிலோடு வாழ முடியுமானால் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் அன்று இரவு அந்தப் பழைய தாளை மறுபடி எடுத்துப் படித்தோம்.

காகிதங்களின் வரிசை

இதை மாற்றக் கூடாது, அதனால் வரிசையை மட்டும் சொல்கிறேன். ஐ-800ஏ என்பது பெற்றோராக உங்களுக்கான ஒப்புதல். குழந்தையை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தக் குழந்தைக்காக ஐ-800, அதற்குத் தற்காலிக ஒப்புதல் வரும். பிறகு டெல்லி அமெரிக்கத் தூதரகத்தில் விசா விண்ணப்பம், தூதரகம் காராவுக்கு ஹேக் உடன்படிக்கையின் 'ஐந்தாம் பிரிவு' கடிதம் கொடுக்கும், அதன் பிறகே காராவின் என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று). அடுத்து தத்தெடுப்பு உத்தரவு. 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் கொடுத்தது, இப்போது மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். அப்புறம் தத்தெடுப்பு ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா தரும் 23-ம் பிரிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடைசியில் விசா. ஐந்தாம் பிரிவுக் கடிதத்துக்கு முன்னால் யாராவது 'குழந்தையை முதலில் சட்டப்படி எடுத்துவிடுவோம், பிறகு பார்க்கலாம்' என்று சொன்னால் கேட்காதீர்கள், விசாவே கிடைக்காமல் போகலாம்.

காத்திருக்கும் மாதங்களில்

இந்த நாட்களைச் சும்மா விடாதீர்கள். அலுவலக மருத்துவக் காப்பீட்டில் தத்தெடுத்த குழந்தையை 30 நாட்களுக்குள் சேர்க்க வேண்டும், ஏற்கனவே இருக்கும் நோய் என்று சொல்லி மறுக்க முடியாது. ஆனால் எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி அவர்கள் வலைக்குள் வருகிறது, பல் கம்பியை மருத்துவமாகக் கணக்கிடுவார்களா அழகுக்கானது என்று தள்ளுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். போனில் 'எல்லாம் கவர் ஆகும்' என்ற பதிலை நம்பி நாங்கள் ஒரு பெரிய பில்லைக் கட்டினோம். முதல் அப்பாயின்ட்மென்ட்களை விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், சிறப்பு மருத்துவர்களுக்கு மாதக்கணக்கில் வரிசை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு சட்டப்படி உண்டு. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் சம்பளத்தில் ஒரு பங்கும் வரும். செலவு எங்களுக்கு எல்லாம் சேர்த்து 30,000 டாலரைத் தாண்டியது. மத்திய அரசின் தத்தெடுப்பு வரிச் சலுகை 2025-க்கு அதிகபட்சம் 17,280 டாலர். ஒன்றைக் கவனியுங்கள், 'சிறப்புத் தேவை என்றால் செலவு காட்டாமலே முழுத் தொகை' என்ற விதி அமெரிக்கக் குழந்தைகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் குழந்தைக்கு ஆன செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும், தத்தெடுப்பு முடிந்த பிறகே கோர முடியும். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், ஊரிலிருந்து வரப்போகும் தாத்தா பாட்டியும்தான்.

அப்புறம் மொழி. இந்தியக் குழந்தைதானே, நம் குழந்தை போலத்தானே என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கும். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்கு நாம் அமெரிக்கர் அளவுக்கே அந்நியர்தான். குழந்தை எந்த மாநிலமோ அந்த மொழியில் ஐம்பது வார்த்தை மனப்பாடம் செய்யுங்கள். நாங்கள் பக்கத்துத் தெரு மராத்திப் பாட்டியிடம் உட்கார்ந்து கற்றோம். 'பூக் லாக்லி', பசிக்கிறது. 'துக்தய்', வலிக்கிறது. 'காப்ரூ நகோ', பயப்படாதே. முதல் இரவு ஹோட்டலில் இந்த மூன்றும்தான் எங்களைக் காப்பாற்றின.

இந்தியாவில்

விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. இரண்டு வயதுக்கு மேல் என்றால் ரத்தத்தில் காசநோய்ப் பரிசோதனை, அதில் ஏதாவது வந்தால் எக்ஸ்ரே, அதிலும் சந்தேகம் என்றால் சளிப் பரிசோதனை, அதன் முடிவுக்கு எட்டு வாரம். ஆகவே திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள். பத்து வயது வரையுள்ள தத்துக் குழந்தைக்குத் தடுப்பூசியை இங்கே வந்து போடுவதாக உறுதிமொழி கொடுக்கலாம்.

இல்லத்திலிருந்து ஒரு பழைய துணி, போர்வை, எதுவாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், துவைக்காதீர்கள், அந்த வாசனைதான் அவளுக்குத் தெரிந்த வீடு. எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள், எப்படித் தூங்க வைப்பார்கள் என்று மாவ்ஷியிடமே கேளுங்கள், அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகள் இப்போதும் அதைத்தான் முதலில் எடுப்பாள்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போய்ச் சொந்தங்களுக்குக் காட்டிவிட்டு வரும் திட்டம் வேண்டாம். பெயர் சூட்டுவது, கோயில், விருந்து எல்லாம் ஒரு வருடம் கழித்து. அவளுடைய பெயரையும் மாற்றாதீர்கள், அது ஒன்றுதான் அவள் கையோடு கொண்டுவருவது. வேண்டுமானால் பின்னால் ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மாதம்

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அப்பா அம்மா மட்டும். பாட்டி சமைக்கலாம், ஊட்டக் கூடாது. இதை என் அம்மாவிடம் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, 'நான் தொட்டால் என்னடி' என்று கேட்டார். அவளுக்கு எட்டு மணி நேர ஷிப்டில் மாறி மாறி வந்த கைகள்தான் தெரியும் அம்மா, ஒரே கையை முதலில் பழகட்டும் என்றேன். மூன்று மாதம் அம்மா பொறுத்துக்கொண்டார், அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

யாரிடமும் போய் மடியில் ஏறிக்கொள்கிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள், நீங்கள் மகிழ வேண்டாம், அவளுக்கு எல்லோரும் ஒன்று என்பதன் அடையாளம் அது. கீழே விழுந்தும் அழவில்லை என்றால் தைரியசாலி என்று சொல்லாதீர்கள், அழுதால் யாரும் வந்ததில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தூக்குங்கள். எங்கள் மகள் தலையணைக்கடியில் சப்பாத்தித் துண்டுகளை ஒளித்து வைப்பாள். பிடுங்கவில்லை, ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தோம், அது காலியாகாமல் பார்த்துக்கொண்டோம். ஏழாவது வாரம் அவள் அந்த டப்பாவை மறந்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம், சோபாவில் முட்டிக்கொண்டு முதல் தடவையாக என்னைத் தேடி அழுதுகொண்டே வந்தாள்.

வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்யுங்கள்: ரத்த அணுக்கள், ஈயம், தைராய்டு, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், காசநோய், மலத்தில் புழு, காது, கண். இந்தியாவில் எல்லாம் பார்த்தாயிற்று என்று காகிதம் சொன்னாலும் மறுபடி பாருங்கள், ஹெபடைடிஸையும் எச்ஐவியையும் ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை. அவசரமில்லாத ஆபரேஷனைச் சில மாதம் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், புது அம்மாவை நம்பத் தொடங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வேண்டாம். காது கேளாமை மட்டும் இதற்கு விலக்கு, அதில் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பள்ளி, குடியுரிமை, அறிக்கைகள்

மூன்று வயதுக்குள் என்றால் மாநிலத்தின் ஆரம்பகால உதவித் திட்டம், மூன்று முடிந்தால் உங்கள் பள்ளி மாவட்டம், நீங்கள் பள்ளிக்கு அனுப்பாவிட்டாலும் அவர்கள்தான் பொறுப்பு. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை கணக்கில் வராது. 'முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம்' என்று எங்களிடமும் சொன்னார்கள். அண்ணப் பிளவுக்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை என்று சர்ஜனிடம் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு தேதி கொடுத்தார்கள். குழந்தை பழைய மொழியைச் சில மாதங்களிலேயே மறந்துவிடும், புது மொழி இன்னும் வந்திருக்காது, அந்த இடைவெளியில் கோபமும் அடியும் கடியும் வரும். அந்த மாதங்களில் கையால் சைகை காட்டச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசினோம், தெரபிஸ்ட்டுக்கும் அதைச் சொல்லிவிட்டோம்.

தத்தெடுப்பு இந்தியாவிலேயே முடிந்து ஐஎச்-3 விசாவில் வரும் குழந்தை, 18 வயதுக்குள் உங்களோடு வாழ வந்தால், அமெரிக்க மண்ணில் அனுமதிக்கப்பட்ட அன்றே குடிமகள். குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும். வரவில்லையென்றால் விடாமல் கேட்டு வாங்குங்கள், அதை வங்கி லாக்கரில் வையுங்கள். காராவுக்கு இரண்டு வருடம் அறிக்கை போக வேண்டும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. தேதிகளைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு அறிக்கையோடும் போகும் போட்டோவில் ஒரு பிரதியை இல்லத்துக்கும் அனுப்பச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள், அந்த மாவ்ஷி பார்க்கட்டும்.